விசிறிக்கை இறால்

ஜனவரி 9

லிஃப்ட்காரருக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி ஏழு மணி நேரமும் என் தோளில் தலைசாய்த்துத் தூங்கினாள். எழுப்ப மனம் வரவில்லை, இன்னும் தோள் வலிக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மாடியில் ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். கட்டில், மேஜை, சன்னலைத் திறந்தால் துணி துவைக்கும் கூடத்தின் ஆவி. ரத்தப் பரிசோதனைக் கூடம் கீழே. மைக்ராஸ்கோப் பழசுதான், ஆனால் லென்ஸில் ஒரு கீறல் இல்லை.

புறப்படும்போது பேசியதை எழுதியும் வைத்துவிடுகிறேன். போன் வேண்டாம். வீட்டில் போன் இல்லாததும் நல்லதாகப் போயிற்று. பேச ஆரம்பித்தால் மூன்றாவது நிமிடத்தில் நாம் அப்பாவின் சாவுக்கு வந்துவிடுகிறோம். ஒரு வருடம் கடிதம் மட்டும் போதும். அலமாரியின் இரண்டாவது இழுப்பறையில் பிரிவுப் பத்திரம் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீங்கள் போட வேண்டாம், கிழிக்கவும் வேண்டாம். அது பாட்டுக்குக் கிடக்கட்டும். திரும்பி வருவதா இல்லையா என்று வருடக் கடைசியில் முடிவு செய்கிறேன்.

இனி தொட்டியில் இருக்கும் நம் விசிறி. எட்டு மாதமாக வீட்டில் இருந்தும் நீங்கள் அதை ஒழுங்காகப் பார்த்ததில்லை, அதனால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். அது மற்ற இறால்போல் இரை தேடி அலையாது. கிடுக்கி கிடையாது, கைகளின் நுனியில் நாலு விசிறிதான். மோட்டார் தண்ணீரைத் தள்ளுகிற குழாயின் வாய்க்கு நேரே கட்டையில் உட்கார்ந்து, விசிறியை விரித்துப் பிடித்து, ஓடிவரும் தண்ணீரில் மிதக்கும் தூசுதும்பை வடித்து வாயில் வைத்துக்கொள்ளும். ஆகவே மோட்டார் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை கால் வாளித் தண்ணீர் மாற்றினால் போதும். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் பிடித்து வைத்து ஊற்றுங்கள். வேலையிலிருந்து வந்ததும் செம்புக் கம்பி பிடித்த கையை அப்படியே தொட்டிக்குள் விட்டுவிடாதீர்கள். செம்பு அதற்கு விஷம்.

வாயில்லாப் பூச்சி. பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
விசிறியின் சொந்தக்காரி

*

ஜனவரி 17

லேப் அம்மாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் விசிறிக்கு ஒரு பத்தி, மைக்ராஸ்கோப்புக்கு இரண்டு வரி, பஸ்ஸில் தூங்கிய யாரோ ஒருத்திக்கு இரண்டு வரி. “நீங்கள் சாப்பிட்டீர்களா” என்று எங்கேயாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் வெறும் தாள். போகட்டும். நான் நலம். விசிறியாரும் நலம்.

தொட்டியை இப்போது பார்த்தால் நீ உன் வீட்டுத் தொட்டி என்று நம்ப மாட்டாய். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதற்கே போயிற்று. கண்ணாடியில் படிந்திருந்த பாசியைச் சுரண்டினேன். மணலை அலசினேன். வடிகட்டியின் பஞ்சு சகதியாக இருந்தது, தூர எறிந்துவிட்டுப் புதிதாக, நெருக்கமான பஞ்சு இரண்டடுக்கு வைத்தேன். கட்டையைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். தண்ணீர் இருப்பதே தெரியவில்லை, அப்படி ஒரு தெளிவு. எட்டு மாதமாக அந்த அழுக்கிலா ஒரு ஜீவனை வைத்திருந்தாய்?

அவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை போல. முன்னெல்லாம் கட்டையை விட்டு அசைய மாட்டார் அல்லவா? இப்போது கீழே இறங்கி, மணலைத் தடவித் தடவித் தொட்டி முழுக்க உலாவுகிறார்.

உண்மையைச் சொன்னால் அவர்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை இருந்தது. உன் அப்பா போன பிறகு வாங்கிய இந்தத் தொட்டிக்கு முன்னாலேயே எட்டு மாதமும் நீ உட்கார்ந்திருந்தாய். அவரிடம் முணுமுணுவென்று ஏதாவது சொல்வாய். என்னிடம் “சாவி எங்கே”, “கேஸ் தீர்ந்துபோச்சு”, அவ்வளவுதான். இப்போது நானும் அதே நாற்காலியில் உட்கார்ந்து அவரிடம் பேசிப் பார்க்கிறேன். உன் அளவுக்கு இல்லாவிட்டாலும் கேட்டுக்கொள்கிறார்.

நீ சாப்பிட்டாயா?

அன்புடன்,
லிஃப்ட்காரன்

*

ஜனவரி 24

லிஃப்ட்காரருக்கு,

ஐயா, தயவுசெய்து அந்தப் பிரஷ்ஷைக் கீழே வையுங்கள்!

அது உலாவவில்லை. பசியில் தரையைத் துழாவுகிறது. தண்ணீரில் ஒன்றும் வராதபோதுதான் விசிறிக்கை இறால் கட்டையை விட்டு இறங்கி மணலைக் கிளறும். நீங்கள் அழுக்கு என்று சுரண்டி எறிந்ததெல்லாம் அதன் சாப்பாடு. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? பளிங்குபோல் தண்ணீரை வைத்துவிட்டு அது விசிறியை விரித்தால் கையில் என்ன கிடைக்கும்? பட்டினியில் அலைகிறதைப் பார்த்து, சந்தோஷம் தாங்கவில்லை என்று எழுதுகிற மனிதரை நான் என்ன சொல்ல.

இதோடு ஒரு பொட்டலம் பச்சைப் பொடி அனுப்புகிறேன். காய்ந்த பாசியை அரைத்தது. ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, குழாய் வாய்க்குப் பக்கத்தில் மெதுவாக விடுங்கள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. அந்த நெருக்கமான பஞ்சில் ஓரடுக்கை எடுத்துவிடுங்கள். கண்ணாடியில் பாசி வந்தால் வரட்டும், உங்களை ஒன்றும் செய்யாது.

உங்களைத் திட்டுவதற்காக மட்டும் எழுதவில்லை. நீங்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அதனிடம் பேசுவதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரி, “என்னக்கா, மலேரியா ஸ்லைடைப் பார்த்துச் சிரிக்கிறீங்க?” என்றாள்.

சாப்பிட்டேன். நீங்களும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். போதுமா?

இப்படிக்கு,
வி. சொ.

*

பிப்ரவரி 2

லேப் அம்மாவுக்கு,

பொடி வந்தது. முதல் நாள் சிரிஞ்சைக் கொஞ்சம் வேகமாக அழுத்திவிட்டேன், தொட்டியே பச்சை மேகமாகி, விசிறியார் இருக்கும் இடமே தெரியவில்லை. மேகம் கலைந்ததும் பார்க்கிறேன், கட்டைமேல் தன் பழைய இடத்தில் உட்கார்ந்து நாலு விசிறியையும் விரித்திருக்கிறார். ஒன்று மடங்கி வாய்க்குப் போகிறது, அடுத்தது விரிகிறது, அது மடங்குகிறது, இது விரிகிறது. அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ எட்டு மாதம் எதைப் பார்த்தாய் என்று கொஞ்சம் புரிந்தது.

இப்போது நாள் முழுக்க அவர் கட்டையில்தான் இருக்கிறார், தரைக்கு இறங்குவதில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஒரு வருடமாக வரவில்லை. பசியில் அலைந்தவரைச் சந்தோஷம் என்று எழுதியதற்கு நீ திட்டினாய் அல்லவா? அதிலிருந்து இது உள்ளே கிடந்து உறுத்துகிறது.

அன்றைக்கு உன் அண்ணன் ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்தது காலை பத்து மணிக்கு. “மாப்பிள்ளை, அப்பாவுக்கு ரொம்ப முடியல. அவளை உடனே கூட்டிட்டு வந்துடுங்க” என்றார். நான் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது, ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள், விட்டுவிட்டு வர முடியவில்லை என்றேன். கடைசி பஸ் போய்விட்டது. மறுநாள் காலை நாம் போய் இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது.

லிஃப்டில் யாரும் மாட்டவில்லை. அந்த வேலை பன்னிரண்டு மணிக்கே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆறு மணி நேரம் நான் பஸ் நிலையத்துக்கு எதிரில் இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீ அழுதால் எனக்குக் கை கால் ஓடாது. கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். இன்னும் ஒரு டீ, அப்புறம் போகலாம் என்று இருந்தேன். அப்படியே ஐந்து டீ ஆயிற்று. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு உன் கண்ணீர் பேய்.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. உனக்குத் தெரியாமல் இதை வைத்துக்கொண்டு உன்னோடு வாழவும் முடியாது என்பதால் எழுதிவிட்டேன்.

அன்புடன்,
லிஃப்ட்காரன்

*

பிப்ரவரி 20

லேப் அம்மாவுக்கு,

பதினெட்டு நாளாகிறது, பதில் இல்லை. தபால்காரர் என்னைக் கண்டாலே சைக்கிளை அந்தப் பக்கம் திருப்புகிறார். நான் கேட்கும் முன்பே, “இல்ல சார், வந்தா நானே மாடியேறி வந்து தரேன்” என்கிறார்.

உனக்குக் கோபம் வருவது நியாயம். என்னைத் திட்டி எழுது. நாலு பக்கம் திட்டு, எட்டுப் பக்கம் திட்டு. ஒன்றுமே எழுதாமல் இருந்தால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வது?

விசிறியார் இரண்டு நாளாகக் கொஞ்சம் மந்தம். பொடி விட்டாலும் விசிறியை அவ்வளவாக விரிப்பதில்லை. நிறமும் மங்கியிருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு வரியாவது போடு. எனக்காக இல்லாவிட்டாலும் அவருக்காக.

அன்புடன்,
லிஃப்ட்காரன்

*

மார்ச் 3

லேப் அம்மாவுக்கு,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. போன தடவைபோல் டீக்கடையில் உட்கார்ந்துவிடக் கூடாது என்று உடனே எழுதுகிறேன். விசிறி செத்துப்போய்விட்டது.

காலையில் எழுந்து பார்த்தபோது கட்டைமேல் இல்லை. கட்டைக்குக் கீழே மணலில் ஒருக்களித்துக் கிடந்தது. மீசை, கால், நாலு விசிறி, எல்லாம் அப்படியே. கையில் எடுத்தேன். எடையே இல்லை. உள்ளுக்குள் அவ்வளவு இளைத்துப்போயிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. ஜனவரியில் நான் போட்ட பட்டினிதான் கொன்றிருக்க வேண்டும். ஒரு தீப்பெட்டியில் வைத்து, பால்கனியில் இருக்கும் பூந்தொட்டி மண்ணில் புதைத்தேன். நாற்பத்தொரு வயது ஆள் ஓர் இறாலுக்காக அழுதேன் என்றால் ஒர்க்‌ஷாப்பில் சிரிப்பார்கள். நீ சிரிக்க மாட்டாய் என்பதால் சொல்கிறேன்.

மோட்டாரை நிறுத்திவிட்டேன். செத்த மெஷினில் கரண்ட் ஓடக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். வீட்டில் அந்தச் சத்தம் இல்லாமல் காது அடைத்ததுபோல் இருக்கிறது.

இன்னொன்றும் செய்துவிட்டேன். இரண்டாவது இழுப்பறையைத் திறந்து அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடும்போதே அதை வக்கீலுக்கு அனுப்புகிறேன். கோபத்தில் இல்லை. ஒரு மாதமாக நீ ஒரு வரி எழுதவில்லை. அது என்ன பதில் என்று புரிந்துகொள்ளாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. உன்னை இந்த வீட்டோடு கட்டி வைத்திருந்தது அந்த ஜீவன் ஒன்றுதான். அதுவும் போன பிறகு உன்னை எதற்குக் காத்திருக்க வைப்பது?

வெளியூரில் புதுக் கட்டடத்துக்கு லிஃப்ட் பொருத்தும் வேலை, பத்து நாள். வேறு ஆளை அனுப்பச் சொல்லியிருந்தேன். இனி நானே போகிறேன். நாளை மறுநாள் கிளம்புகிறேன். வீட்டின் இன்னொரு சாவி கீழ் வீட்டுத் தையல்காரரிடம் இருக்கும். உன் சாமான்களை எடுக்க வந்தால் வாங்கிக்கொள்.

என்னை மன்னித்துவிடு.

லிஃப்ட்காரன்

*

மார்ச் 4

என் லிஃப்ட்காரருக்கு,

ஒரு மாதம் எழுதாமல் இருந்தேன். நீங்கள் என்னென்ன நினைத்திருப்பீர்களோ. இருபதாம் தேதி எழுதியதும் வந்தது. தபால்காரரை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

உங்கள் ஐந்து டீயைப் பற்றிப் படித்த அன்றைக்கு நான் ட்யூட்டிக்குப் போகவில்லை. கடிதத்தைக் கிழித்துப் போட எழுந்தேன், கிழிக்கவில்லை. அப்புறம் ஒரு வாரம் உங்கள்மேல் வந்த ஆத்திரத்தை எழுதியிருந்தால் தாள் எரிந்திருக்கும். அதற்கடுத்த வாரம் அழுகை. அப்பாவுக்காக நான் அதுவரை ஒழுங்காக அழவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. உங்களுக்கு முன்னால் அழக் கூடாதென்று ஒரு வருடம் அடக்கி வைத்திருந்திருக்கிறேன். நான் கலங்கினால் நீங்கள் உடனே டார்ச்சை எடுத்துக்கொண்டு ஃப்யூஸ் பார்க்கப் போய்விடுவீர்களே!

இப்போது தெளிந்திருக்கிறேன். நீங்கள் பொய் சொன்னீர்கள் என்று எனக்கு அன்றைக்கே சந்தேகம் இருந்தது. சந்தேகத்தோடு ஒரே வீட்டில் இருக்க முடியாமல்தான் இங்கே வந்தேன். இனி அந்தச் சந்தேகம் இல்லை. நடந்தது என்னவென்று தெரியும், அதைச் சொன்னது நீங்கள்தான் என்றும் தெரியும். அது எனக்குப் போதும். வருடக் கடைசி வரை ஏன் இழுக்க வேண்டும்? இந்த ஆஸ்பத்திரி வேலையிலிருந்து என்னை விடுவிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். மார்ச் கடைசியில் வருகிறேன். அந்தப் பத்திரத்தை நான் வந்து கிழிக்கிறேன். அந்த வேலையை எனக்கு வையுங்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. எனக்குத் தெரிய வேண்டியது எதையும் இனிப் பயந்துகொண்டு தள்ளிப்போடாதீர்கள். உங்கள் கை நடுங்கினாலும் பரவாயில்லை, என் அழுகை உங்களைத் தின்றுவிடாது.

விசிறி மந்தமாக இருப்பதற்குப் பயப்பட வேண்டாம். அது ஏன் என்று வந்து சொல்கிறேன், உங்களுக்கு ஒரு வேடிக்கை காட்ட வேண்டும்.

உங்கள்
லேப் அம்மா

*

மார்ச் 8

லிஃப்ட்காரருக்கு,

விசிறி சாகவில்லை! இதைப் படித்ததும் கடிதத்தைக் கீழே போட்டுவிட்டு முதலில் மோட்டார் சுவிட்சைப் போடுங்கள். அப்புறம் மீதியைப் படியுங்கள்.

நீங்கள் புதைத்தது அதன் ஓடு. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அது ஓட்டைக் கழற்றிப் போட்டுவிடும். மீசை, விசிறி, கண்ணின் மூடி முதற்கொண்டு எல்லாம் அச்சு மாறாமல் இருக்கும், உள்ளே மட்டும் ஒன்றும் இருக்காது. எடை இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். புது ஓடு கெட்டியாகும்வரை உடம்பு வெண்ணெய்போல் இருக்கும். அதனால் மூன்று நாலு நாள் கட்டையின் பொந்துக்குள் ஒளிந்துகொள்ளும். அப்போது வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தொட்டி காலிதான்.

குற்றம் என்னுடையதும்கூட. அது கழற்றிய ஓடுகளை நான் ஒவ்வொரு தடவையும் நீங்கள் எழும் முன்பே எடுத்து ஒரு மாத்திரை டப்பாவில் வைத்துக்கொண்டேன். நாலு இருக்கிறது, இங்கே என் மேஜையில். உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. அந்த நாட்களில் எனக்கென்று ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. அதைத்தான் வேடிக்கை காட்டுகிறேன் என்று போன கடிதத்தில் எழுதினேன். விளையாட்டாகத் தள்ளிவைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

உங்கள் கடிதம் நேற்று மாலை வந்தது. நம் பேச்சை மீறி நேற்றே ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்தேன். இன்று காலையும் செய்தேன். ஸ்டோர்காரர்தான் எடுத்தார். நீங்கள் வேலை செய்கிற இடத்தில் போன் இருக்கிறதாம், சொல்லிவிடுகிறேன் என்றார். “அவசரம், உடனே கூப்பிடச் சொல்லுங்க” என்று ஆஸ்பத்திரி எண்ணைக் கொடுத்திருக்கிறேன். கீழ் வீட்டுத் தையல்காரருக்குப் போன் இல்லை, அவருக்கும் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன், அவர் கண்ணில் படவேண்டும். நீங்கள் ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும்.

பத்திரத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், வக்கீலிடம் பேசிக்கொள்ளலாம். போன கடிதமும் வீட்டு வாசலில்தான் கிடக்கும், அதையும் படியுங்கள். நான் வருகிறேன். முதலில் மோட்டார்.

உங்கள்
லேப் அம்மா

*

மார்ச் 19

லேப் அம்மாவுக்கு,

பதினைந்தாம் தேதி மாலை வீடு திரும்பினேன். கதவைத் திறந்ததும் காலடியில் உன் இரண்டு கடிதங்கள். மேலே கிடந்ததை முதலில் பிரித்தேன். “விசிறி சாகவில்லை” என்ற வரியைப் படித்ததும் பையைக் கூடக் கீழே வைக்காமல் ஓடினேன். தையல்காரர் ஒரு கல்யாண ஆர்டருக்காகத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாராம், அவருக்கு நீ எழுதியது பிரிக்காமல் அவர் கதவில் செருகியிருந்தது.

மூன்று நாளாக இதை எழுத உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தேன். இன்று எழுதுகிறேன்.

தண்ணீர்மேல் ஆடை படிந்திருந்தது. நாற்றம். பொந்துக்குள் டார்ச் அடித்தேன், அங்கே இல்லை. அது வெளியே வந்திருந்தது. கட்டையின் நுனியில், குழாய் வாயை ஒட்டி, எவ்வளவு கிட்டே போக முடியுமோ அவ்வளவு கிட்டே போய் உட்கார்ந்திருந்தது. நாலு விசிறியும் விரித்தபடி இருந்தது. தொட்டேன், ஓடு கெட்டியாக இருந்தது. நான் இதுவரை பார்க்காத நல்ல நிறம், செங்கல்போல. அப்படியானால் ஓடு கெட்டியான பிறகும் சில நாள் உயிரோடு இருந்திருக்கிறது. தண்ணீர் வரும், வரும் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

அதற்கப்புறம்தான் உன் நாலாம் தேதிக் கடிதத்தைப் பிரித்தேன்.

இனி நான் எழுதப்போவதை எழுதாமலும் இருக்கலாம். ஸ்டோர்காரர் எனக்குச் சொல்லவே இல்லை என்று எழுதிவிட்டால் நீ நம்புவாய். மனிதர் மறதிக்காரர் என்று உனக்கும் தெரியும். பேனாவை எடுத்து அந்த வரியைப் பாதி எழுதியும் விட்டேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

அவர் எட்டாம் தேதியே சொன்னார். “உங்க வீட்டம்மா ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. ஏதோ அவசரமாம், உடனே பேசணுமாம்” என்று எண்ணையும் கொடுத்தார். எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பத்திரத்தைப் பார்த்துவிட்டு நீ அழுதுகொண்டே கூப்பிட்டிருப்பாய் என்று நினைத்தேன். விசிறி செத்ததற்கும் சேர்த்து அழுவாய் என்று நினைத்தேன். மதியம் கூப்பிடலாம் என்று இருந்தேன். மதியம் போனதும் நாளைக்கு என்று தோன்றியது. மறுநாள் போனுக்கு எதிரில் போய் நின்று எண்ணைப் பாதி சுற்றிவிட்டு வைத்துவிட்டேன். ஏழு நாளும் அந்தச் சீட்டு என் பையில்தான் இருந்தது.

அன்றைக்கே கூப்பிட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய். அந்த ஊருக்கும் நம் வீட்டுக்கும் இரண்டு மணி நேரம்தான். வந்து ஒரு சுவிட்சைத் தட்டிவிட்டுத் திரும்பியிருப்பேன்.

நேற்று வளர்ப்பு மீன் விற்கும் கடைகளுக்குப் போனேன். மூன்றாவது கடையில் ஒன்று இருந்தது, அதே அளவு. கடைக்காரர் பையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கட்டியும் கொடுத்துவிட்டார். வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய் அதை அந்தத் தொட்டியிலேயே விடச் சொல்லிவிட்டு வந்தேன்.

மோட்டாரைப் போட்டிருக்கிறேன். வெறும் தண்ணீர்தான் சுற்றுகிறது. நீ வருவாயா என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் கேட்கிறேன். வா.

லிஃப்ட்காரன்

*

மார்ச் 26

லிஃப்ட்காரருக்கு,

உங்கள் கடிதம் வந்தது. விசிறிக்காக உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். ஓட்டைப் பார்த்து யாரும் ஏமாந்துபோவார்கள், நானும் முதல் தடவை அலறிவிட்டுத்தான் பொந்துக்குள் பார்த்தேன். உங்களுக்கு அதைச் சொல்லாதது நான். மோட்டாரை நிறுத்தியது உங்கள் தொழில் பழக்கம். கையெழுத்துப் போட்டதும் புரிகிறது. ஒரு மாதம் வாய் திறக்காமல் இருந்தால் எவரும் அப்படித்தான் நினைப்பார். அந்த மாதத்தில் நான் “கொஞ்சம் பொறுங்கள்” என்று இரண்டு வார்த்தை எழுதியிருக்கலாம். ஆகவே இதுவரைக்கும் கணக்கு நேர்தான்.

என்னால் தாண்ட முடியாதது அந்தச் சீட்டு. என் நிபந்தனையை நீங்கள் அப்போது படிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். படித்த பிறகு அப்படிச் செய்திருந்தால் கோபித்துக்கொண்டு, நாலு நாள் சண்டை போட்டு, வந்திருப்பேன். படிக்காமல், யாரும் சொல்லாமல், நீங்களாக எப்படி இருக்கிறீர்களோ அப்படிச் செய்தது அது. முதலில் ஆறு மணி நேரம், அப்பா போனார். இப்போது ஏழு நாள். அடுத்த தடவை அது எவ்வளவு நேரமாக இருக்கும், யார் அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டே என்னால் அந்த வீட்டில் இருக்க முடியாது. நானாகவும் இருக்கலாம் அல்லவா?

நீங்கள் உண்மை பேசுகிறவர். அதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. ஸ்டோர்காரர்மேல் பழியைப் போட்டிருக்கலாம், புது இறாலை விட்டு ஏமாற்றியிருக்கலாம், இரண்டும் செய்யவில்லை. என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறீர்கள். எல்லாம் முடிந்த பிறகு சொல்கிறீர்கள்.

விடுவிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்ததை இன்று காலை திரும்ப வாங்கிவிட்டேன். வக்கீலிடமிருந்தும் கடிதம் வந்தது. பத்திரம் முறைப்படி இருக்கிறதாம். அது அப்படியே போகட்டும் என்று பதில் போட்டிருக்கிறேன். என் துணிகளை அண்ணன் வந்து எடுத்துக்கொள்வார். அவரிடம் உங்களுக்கு வருத்தம் வேண்டாம், அவருக்கு நான் எதையும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். வாங்கிக்கொள்கிறவரிடம் ஓடு கழற்றும் விஷயத்தை முதல் வேலையாகச் சொல்லிவிடுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இதை ஒப்புக்குச் சொல்லவில்லை.

இதை எழுதும்போது அழுகை வந்தது. தாளைத் தள்ளிவைத்துவிட்டு அழுதேன், சுமார் இருபது நிமிடம். பக்கத்து மேஜைக்காரி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு வந்து பதினோரு ஸ்லைடு பார்த்தேன். இப்போது மீதியை எழுதி முடிக்கிறேன். அவ்வளவுதான். இதற்குத்தான் நீங்கள் பயந்துகொண்டிருந்தீர்கள்.

இப்படிக்கு,
அந்த வீட்டில் இருந்தவள்